பல்லால் கடித்துப் பிரிக்கவும் வேண்டாம், பரணில் ஏற்றவும் வேண்டாம்

பாலக்கோட்டுக்குப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து ஓர் அம்மா நான்கு பக்கக் கடிதம் எழுதியிருக்கிறார். பெயரும் ஊரும் வெளியே தெரிய வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருக்கிறார். அடையாளம் காட்டக்கூடியவற்றை விட்டுவிட்டு, விஷயத்தை மட்டும் சுருக்கித் தருகிறேன்.

தக்காளி விவசாயம் செய்யும் குடும்பம். மகனுக்கு ஏழரை வயது, இரண்டாம் வகுப்பு. மகளுக்கு ஒன்றரை வயது. பெங்களூரில் வேலை செய்யும் தாய்மாமன் பையனின் பிறந்தநாளுக்குப் பெரிய லெகோ பெட்டி (ஒன்றோடொன்று பொருத்தி உருவங்கள் கட்டும் பிளாஸ்டிக் கட்டைகள்) ஒன்று வாங்கி வந்தார். பையனுக்கு அதில் உயிர். அதைப் பார்த்த அப்பா, திருவிழாக் கடையில் அதே மாதிரி ஒரு மலிவு செட்டும் வாங்கிக் கொடுத்தார். அதில் லைட் எரியும் துண்டு ஒன்றும் இருக்கிறது. இரண்டையும் ஒன்றாகக் கொட்டி ஒரு தக்காளிக் கிரேடில் வைத்திருந்தார்கள்.

ஒருநாள் ஒன்றோடொன்று இறுகிப்போன இரண்டு தட்டையான துண்டுகளைப் பையன் பல்லால் கடித்துப் பிரித்தான். முன்பல்லின் மூலை உடைந்தது. இன்னொரு நாள் அப்பா வெங்காயம் நறுக்கும் கத்தியை இடுக்கில் விட்டு நெம்பினார். கத்தி வழுக்கி விரலில் மூன்று தையல். மூன்று வாரத்துக்கு முன்பு, சின்ன வட்டத் துண்டு ஒன்றைப் பாப்பா வாயில் போட்டுக்கொண்டு, திணறி, முகம் சிவந்து இருமினாள். பாட்டி வாய்க்குள் விரலை விட்டுத் துழாவினார், ஒன்றும் வரவில்லை. சிறிது நேரத்தில் இருமல் நின்றது. வாழைப்பழம் ஊட்டி உள்ளே தள்ளினார்கள். மறுநாள் எக்ஸ்ரே எடுத்தார்கள். அதில் ஒன்றும் தெரியவில்லை. மூன்று நாள் மலத்தைக் கிளறிப் பார்த்தும் துண்டு கிடைக்கவில்லை. பயந்துபோன பாட்டி எல்லாக் கட்டைகளையும் டெட்டால் ஊற்றிக் கொதிக்கும் தண்ணீரில் போட்டு எடுத்தார். பல துண்டுகள் கோணிவிட்டன, மேலே வெள்ளையாகப் பூத்திருக்கிறது. இப்போது மொத்தமும் பரண் மேல். பையன் இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை.

அவர் கேட்பவை: அந்த வெள்ளைப் பொடி பிளாஸ்டிக்கின் விஷமா? உடைந்தது பால் பல்தானே, விழுந்து முளைத்துவிடாதா? கட்டைகளை ஃபெவிக்விக் போட்டு ஒட்டிவிட்டால் பாப்பா பிய்க்க முடியாதல்லவா? இல்லை, மாமியார் சொல்வதுபோல் எல்லாவற்றையும் எறிந்துவிடுவதுதான் சரியா? கடைசியில், போகிற போக்கில் ஒரு வரி: “பாப்பாவுக்கு ரெண்டு வாரமா சளி. டானிக் குடிச்சா அடங்குது, திரும்பவும் இருமுறா. சீசன் சளிதான்.”

அம்மா, நான் அந்தக் கடைசி வரியிலிருந்துதான் தொடங்க வேண்டும். மற்றவை எல்லாம் நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம். இது இன்றைக்கு.

முதலில் பாப்பாவின் இருமல்

எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியவில்லை என்றதும் உங்களுக்கு நிம்மதி வந்திருக்கிறது. அந்த நிம்மதியை நான் கொஞ்சம் அசைக்க வேண்டியிருக்கிறது. காசு, ஊக்கு, பட்டன் பேட்டரி போன்றவை உலோகம். படத்தில் பளிச்சென்று தெரியும். பிளாஸ்டிக் பெரும்பாலும் தெரியாது. நிலக்கடலையும் தெரியாது, சீத்தாப்பழக் கொட்டையும் தெரியாது. நம் மாவட்டங்களில் குழந்தைகளின் மூச்சுக்குழாயில் போய்ச் சிக்கும் பொருட்கள் இவைதான். ஆகவே படம் சுத்தமாக இருப்பதை மட்டும் வைத்து, உள்ளே துண்டு இல்லை என்று சொல்லிவிட முடியாது.

மூச்சுக்குழாய்க்குள் ஒரு பொருள் போனால் முதலில் கடுமையான திணறலும் இருமலும் வரும். அது ஒரு கிளையில் போய் உட்கார்ந்ததும் இருமல் அடங்கிவிடும், குழந்தை சிரித்து விளையாடும். வீட்டில் எல்லோரும் ஆபத்து விலகியது என்று நினைப்பார்கள். சில நாளோ சில வாரமோ கழித்து இருமல், இளைப்பு, ஒரே பக்கத்தில் திரும்பத் திரும்ப வரும் நிமோனியா என்று அது வேறு உருவில் வரும். டானிக் குடித்தால் அடங்குவதும், நிறுத்தினால் திரும்புவதும் இதிலும் நடக்கும்.

உங்கள் குழந்தைக்கு இருப்பது சாதாரணச் சளியாகவே இருக்கலாம். இந்த வயதில் ஆண்டுக்கு ஆறு, எட்டு முறை சளி பிடிப்பது இயல்பு. ஆனால் திணறல் நடந்த குழந்தைக்கு இருமல் நீடித்தால் அதைச் சளி என்று வீட்டில் முடிவு செய்யக் கூடாது. தர்மபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள். வெறுமனே “இருமல்” என்று சொன்னால் இருமல் மருந்துதான் கிடைக்கும். “இந்தத் தேதியில் பிளாஸ்டிக் துண்டை வாயில் போட்டுத் திணறினாள், துண்டு கிடைக்கவில்லை, அதற்குப் பிறகு இருமல்” என்று ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். அதே அளவுள்ள இன்னொரு துண்டு வீட்டில் இருந்தால் கையோடு கொண்டுபோய்க் காட்டுங்கள். மருத்துவர் ஸ்டெதாஸ்கோப் வைத்து இரண்டு பக்கமும் காற்று சமமாகப் போகிறதா என்று கேட்பார். சந்தேகம் இருந்தால் பிராங்கோஸ்கோபி செய்யச் சொல்வார். மயக்க மருந்து கொடுத்து, சிறு குழாயை உள்ளே விட்டுப் பார்த்து, பொருள் இருந்தால் அப்போதே எடுத்துவிடுவார்கள். சேலத்துக்கோ பெங்களூருக்கோ அனுப்பினால் பயப்பட வேண்டாம். குழந்தைகளுக்கான அந்தக் கருவியும் அனுபவமும் எல்லா ஊரிலும் இருக்காது. மூச்சு வேகமாக வாங்கினாலோ, விலா எலும்புக்கு நடுவே குழி விழுந்தாலோ, உதடு நீலம் பாய்ந்தாலோ காலை வரை காத்திருக்காமல் 108-ஐ அழையுங்கள்.

துண்டு வயிற்றுக்குள்தான் போயிருந்தால்? மழுங்கலான சின்னப் பிளாஸ்டிக் துண்டு பெரும்பாலும் தானாக வெளியே போய்விடும். மூன்று நாள் பார்த்தும் கிடைக்காததால் உள்ளேயே தங்கிவிட்டது என்று அர்த்தம் இல்லை. 2018-இல் வெளியான ஓர் ஆய்வில், குழந்தைகள் மருத்துவத்தில் பணிபுரியும் ஆறு பேர் ஆளுக்கொரு லெகோ பொம்மைத் தலையைத் தாங்களே விழுங்கிப் பார்த்தார்கள். ஐந்து பேருக்குச் சராசரியாக 1.71 நாளில் அது வெளியே வந்தது. ஆறாவது ஆள் எவ்வளவு தேடியும் கண்டுபிடிக்கவே இல்லை. அவர்கள் பெரியவர்கள், உங்கள் மகள் குழந்தை, அந்த வேறுபாடு உண்டு. ஆனாலும் தேடிக் கிடைக்காமல் போவது சகஜம் என்று தெரிந்தால் உங்கள் மாமியாரின் மனசு கொஞ்சம் ஆறும்.

விரலை விட்டுத் துழாவியதையும் வாழைப்பழம் ஊட்டியதையும் பற்றிச் சொல்ல வேண்டும். பதற்றத்தில் எந்தப் பாட்டியும் செய்வதுதான், அவரைக் குறை சொல்லவில்லை. ஆனால் கண்ணுக்குத் தெரியாத பொருளை விரலால் தேடினால் அது இன்னும் ஆழத்துக்குப் போகும். பழமோ சோற்று உருண்டையோ கொடுத்தால் அடைப்பு கூடலாம். இனி ஒருமுறை இப்படி நடந்தால், குழந்தை சத்தமாக இருமுகிற வரை இருமவிடுங்கள், இருமல்தான் நல்ல மருந்து. சத்தமே வராமல், அழ முடியாமல் திணறினால் குழந்தையை முன்பக்கம் சாய்த்து, தலை தாழ்ந்திருக்க, இரண்டு தோள்பட்டைக்கும் நடுவே உள்ளங்கையின் அடிப்பகுதியால் ஐந்து முறை ஓங்கித் தட்டுங்கள். வரவில்லை என்றால் பின்னாலிருந்து கட்டிப்பிடித்து, தொப்புளுக்கும் நெஞ்செலும்புக்கும் நடுவே கைமுட்டியை வைத்து உள்ளேயும் மேலேயுமாக ஐந்து முறை அழுத்துங்கள். இரண்டையும் மாற்றி மாற்றிச் செய்யும்போதே இன்னொருவர் 108-ஐ அழைக்கட்டும். ஒரு வயது ஆகாத கைக்குழந்தைக்கு வயிற்றில் அழுத்தக் கூடாது; நெஞ்சின் நடுவே அழுத்த வேண்டும்.

அது பால் பல் இல்லை

ஏழரை வயதில் மேல்வரிசை நடுப்பல் பெரும்பாலும் நிலைத்த பல்தான். பக்கத்துப் பல்லைவிட அகலமாக, விளிம்பில் ரம்பம்போல் சின்ன மேடுகளோடு இருக்கிறதா பாருங்கள். இருந்தால் அது விழுந்து முளைக்கப் போவதில்லை, ஆயுசுக்கும் அதுதான். வெளியே தலைகாட்டிய பிறகும் அதன் வேர் முழுசாக வளர்ந்து முடியச் சுமார் மூன்று ஆண்டுகள் ஆகும். அந்த இளம் வேரைக் காப்பாற்றத்தான் வலி இல்லாவிட்டாலும் பல் மருத்துவரிடம் போகச் சொல்கிறேன். உடைந்த இடத்தைப் பல் நிறப் பசையால் மூடுவார்கள். அடுத்த சில மாதங்களில் பல் கறுக்கிறதா, ஈறில் கட்டி வருகிறதா என்று நீங்களும் கவனியுங்கள். உடைந்த துண்டு கிடைத்திருந்தால் பாலில் போட்டு எடுத்துப்போனால் சில சமயம் அதையே ஒட்டிவிடுவார்கள். இனி நடந்தால் என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

கடிதத்தின் நடுவில் இன்னொன்றும் எழுதியிருக்கிறீர்கள்: பையனின் பல்லில் சுண்ணாம்பு பூசியது போலவும் பழுப்பாகவும் கோடுகள் இருக்கின்றன, ஒழுங்காகத் தேய்க்காததால்தான் என்று தினமும் திட்டுகிறோம், அவன் அப்பாவுக்கும் அப்படித்தான் என்று. அம்மா, தயவுசெய்து அந்தத் திட்டை நிறுத்துங்கள். அப்பா, மகன் இருவருக்கும் ஒரே கறை, வீட்டில் போர் தண்ணீர், ஊர் பாலக்கோடு பக்கம் என்றால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது ஃப்ளோரைடுதான். நம் பாறைகளிலிருந்து ஆழ்குழாய்த் தண்ணீரில் கரைந்து வருவது அது. லிட்டருக்கு ஒரு மில்லிகிராம் வரை இருக்கலாம், வேறு தண்ணீரே இல்லாவிட்டால் 1.5 வரை பொறுக்கலாம் என்பது இந்தியத் தர அளவு. அதற்கு மேல் போனால் ஈறுக்குள் உருவாகிக்கொண்டிருக்கும் பல்லின் எனாமல் சரியாக இறுகாது. அதிகம் பாதித்த எனாமல் சுலபமாகத் தெறிக்கும். பையனின் பல் அவ்வளவு லேசில் உடைந்ததில் அதற்கும் பங்கு இருக்கலாம்.

காய்ச்சிக் குடிப்பதால் கவலை இல்லை என்று நினைத்திருக்கிறீர்கள். காய்ச்சினால் கிருமி சாகும், ஃப்ளோரைடு போகாது. தண்ணீர் சுண்டச் சுண்ட அது கூடத்தான் செய்யும். 2013-இல் பயன்பாட்டுக்கு வந்த ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தின் பெயரிலேயே ஃப்ளோரோசிஸ் (ஃப்ளோரைடு மிகுதியால் பல்லும் எலும்பும் கெடுவது) தணிப்பு என்ற சொல்லும் சேர்ந்திருக்கிறது. இந்தப் பிரச்சினைக்காகவே வந்த தண்ணீர் அது. குழாயில் வருவது குறைவாக இருந்தால், குளிக்கத் துவைக்கப் போர் தண்ணீர், குடிக்கச் சமைக்க ஒகேனக்கல் தண்ணீர் என்று பிரித்துக்கொள்ளுங்கள். குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் போர் தண்ணீரைச் சோதித்துப் பார்க்கலாம். பையனுக்கு வந்த கறை வந்ததுதான். பாப்பாவின் நிலைத்த பற்கள் இப்போதுதான் ஈறுக்குள் உருவாகிக்கொண்டிருக்கின்றன. தண்ணீரை இன்றைக்கு மாற்றினால் அவளுக்கு நல்ல பலன் உண்டு.

இழுக்க வேண்டாம், நெம்ப வேண்டும்

இனி கட்டைகள். இவை ஏன் இப்படி இறுகுகின்றன என்று தெரிந்தால் பல்லும் கத்தியும் தேவையே படாது. மேலே இருக்கும் குமிழ்கள் அடுத்த கட்டையின் சுவருக்கும் அடியிலிருக்கும் குழலுக்கும் நடுவே நெருக்கிப் பிடித்துக்கொள்கின்றன. டென்மார்க்கின் லெகோ நிறுவனம் 1958-இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்த அமைப்பு இது. அன்றைய கட்டை இன்றைய கட்டையோடும் பொருந்தும். அந்த அளவுத் துல்லியத்தால்தான் இவ்வளவு இறுக்கம்.

நேராக மேலே இழுத்தால் எல்லாக் குமிழ்களின் பிடியையும் ஒரே நேரத்தில் வெல்ல வேண்டும். ஒரு முனையிலிருந்து சாய்த்தால் வரிசை வரிசையாக விடும். வயலில் பெரிய கல்லை யாரும் கட்டிப்பிடித்துத் தூக்குவதில்லை, கடப்பாரையை ஒரு ஓரத்தில் கொடுத்து நெம்புகிறோம். உங்கள் வீட்டுக்காரருக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதே இல்லை. கத்தி அதற்கான கடப்பாரை இல்லை, அவ்வளவுதான்.

பிரிப்பதற்கென்றே ஒரு சின்னக் கருவி உண்டு, பிரிக் செபரேட்டர் என்று பெயர். பெரிய லெகோ பெட்டிகள் பலவற்றில் ஆரஞ்சு நிறத்தில், பட்டையான பிடியோடு ஒன்று உள்ளேயே இருக்கும். அது என்னவென்று தெரியாமல் ஓரம் போட்டிருப்பீர்கள், பரணில் தேடிப் பாருங்கள். அதன் முனையை மேல் கட்டையின் குமிழ்களில் அழுத்திப் பொருத்தி, பிடியை மெதுவாகக் கீழே சாய்த்தால் கட்டை கிளம்பி வரும். குமிழ் இல்லாத வழுவழுப்பான துண்டுக்கு அதன் மெல்லிய விளிம்பை இடுக்கில் கொடுத்தால் போதும். பையனின் பல்லை உடைத்தது போன்ற, ஒரே அளவில் ஒட்டிக்கொண்ட இரண்டு தட்டைகள்தான் இருப்பதிலேயே கடினம். அதற்குக் கருவி இரண்டு வேண்டும்: மேலே ஒன்று, கீழே ஒன்று, இரண்டின் பிடியையும் சேர்த்து நெருக்க வேண்டும். கருவி இல்லையா? மேல் தட்டையின் மேல் நீளமான கட்டை ஒன்றையும், கீழ்த் தட்டையின் அடியில் இன்னொன்றையும் பொருத்திக்கொள்ளுங்கள். இப்போது கைக்குப் பிடி கிடைத்துவிட்டது. இரண்டையும் எதிரெதிர்ப் பக்கம் மெதுவாக ஆட்டினால் நடுவில் விடும். துளைக்குள் சிக்கிய அச்சுக் குச்சியை இழுக்காமல், மறுபக்கத்திலிருந்து இன்னொரு குச்சியால் தள்ள வேண்டும்.

இதற்கும் மசியாததை வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் கொஞ்ச நேரம் ஊறவிட்டு, இடுக்கில் தண்ணீர் இறங்கிய பிறகு அதே மாதிரி ஆட்டிப் பாருங்கள். தேங்காயெண்ணெய் விட வேண்டாம். பிசுக்கில் தூசி அப்பும், கட்டையின் பிடிப்பும் போகும். நெயில் பாலிஷ் ரிமூவரும் தின்னரும் பிளாஸ்டிக்கையே கரைக்கும். ஃபெவிக்விக் யோசனையையும் விட்டுவிடுங்கள். ஒட்டிய உருவம் கீழே விழுந்தால் எங்கே உடையும் என்று சொல்ல முடியாது, கூரான சில்லாகவும் உடையலாம். அந்தப் பசை குழந்தையின் கண்ணிலோ உதட்டிலோ பட்டால் அதற்கு வேறு ஓட வேண்டும். அதைவிட, பிரித்துப் பிரித்துக் கட்டுவதற்காகத்தானே பையனுக்கு அதன்மேல் அத்தனை ஆசை?

கழுவுவது எப்படி

வெள்ளையாகப் பூத்திருப்பது விஷம் இல்லை. போர் தண்ணீரைக் கொதிக்க வைத்தால் பாத்திரத்தின் அடியில் படிகிற அதே உப்புதான். எலுமிச்சைச் சாறு கலந்த தண்ணீரில் துணியை நனைத்துத் துடைத்து, நல்ல தண்ணீரில் அலசினால் போய்விடும். துடைத்தும் போகாத வெள்ளைக் கோடு வளைந்த இடத்தில் மட்டும் இருந்தால், அங்கே பிளாஸ்டிக் நெளிந்து பலவீனமாகிவிட்டது என்று பொருள்.

கோணியதற்குக் காரணம் சூடு. பெரும்பாலான கட்டைகள் ஏபிஎஸ் என்ற பிளாஸ்டிக்கில் வார்த்தவை; கொதிநீரின் சூட்டை ஒட்டியே அது இளகத் தொடங்கும். மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு பிசகினாலும் பிடிப்பு கெட்டுப்போகும் பொருளுக்கு அந்த இளக்கமே போதும். கோணியவற்றைத் திரும்பச் சூடாக்கி நிமிர்த்தப் பார்க்க வேண்டாம். பொருந்தாதவற்றையும், விரிசல் விட்டவற்றையும், ஓரம் கூராகிவிட்டவற்றையும் தனியே எடுத்துப் போட்டுவிடுங்கள். பாதிக்கு மேல் தேறும் என்றே நினைக்கிறேன்.

இனி கழுவும்போது 40 டிகிரிக்கு மேல் வேண்டாம், அதாவது கைக்குழந்தையைக் குளிப்பாட்டும் சூடு. கொஞ்சம் பாத்திரம் கழுவும் சோப்பு, குமிழ்களின் இடுக்குக்குப் பழைய டூத் பிரஷ், கடைசியில் நல்ல தண்ணீரில் ஓர் அலசல். டெட்டால் தேவையில்லை. வாய்க்குப் போகக்கூடிய பொருளில் அது தங்குவதில் எனக்கு உடன்பாடும் இல்லை. ஸ்டிக்கர் ஒட்டியதை ஊற வைக்காமல் துடையுங்கள்; லைட், மோட்டார் உள்ளவற்றில் தண்ணீரே படக் கூடாது. உலர்த்த வெயில் வேண்டாம். மிளகாய் காயும் களத்து வெயிலில் ஒரு நாள் போட்டாலே சூடு ஏறிவிடும், பல நாள் போட்டால் நிறம் மங்கும். நிழலில் துண்டு விரித்து, காற்றாடிக்குக் கீழே ஒரு ராத்திரி கிடக்கட்டும். ஈரத்தோடு டப்பாவில் அடைத்தால் வாடை வரும்.

திருவிழாக் கடை செட்டை மட்டும் பிரித்து வையுங்கள்

லைட் எரியும் அந்தத் துண்டைப் பற்றித்தான் எனக்கு இருப்பதிலேயே அதிகப் பயம். அதற்குள் பட்டன் பேட்டரி இருக்கும். குழந்தை அதை விழுங்கி உணவுக்குழாயில் சிக்கினால், இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே திசு வெந்து புண்ணாகத் தொடங்கிவிடும். பேட்டரி மூடி ஸ்க்ரூ போட்டு முடுக்கியதாக இல்லாமல் நகத்தால் திறக்கும்படி இருந்தால், அந்தத் துண்டை இன்றைக்கே வீட்டை விட்டு அப்புறப்படுத்துங்கள். பேட்டரி விழுங்கியதாகச் சந்தேகம் வந்தாலே போதும், உடனே மருத்துவமனைக்குக் கிளம்ப வேண்டும். ஒரு வயது கடந்த குழந்தை, விழுங்கி 12 மணி நேரம் ஆகவில்லை, எச்சில் விழுங்க முடிகிறது என்றால் போகிற வழியில் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டு டீஸ்பூன் தேன், அதிகபட்சம் ஆறு முறை கொடுக்கலாம். தேனைத் தேடிக்கொண்டு தாமதிக்கக் கூடாது. வாந்தி எடுக்க வைக்கவே கூடாது. காந்தம் உள்ள துண்டுகளும் இதே வரிசைதான். இரண்டு காந்தம் உள்ளே போனால் நடுவே குடலைக் கவ்விக்கொள்ளும்.

2021 ஜனவரி 1 முதல் இந்தியாவில் விற்கும் விளையாட்டுப் பொருட்களுக்கு ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயம். அடுத்த முறை சாமான் வாங்கும்போது உங்கள் வீட்டுக்காரரை அந்த முத்திரையையும், மூன்று வயதுக்குக் கீழே கூடாது என்று குழந்தை முகத்தின் மேல் கோடு போட்ட படத்தையும் பார்த்து வாங்கச் சொல்லுங்கள். பிள்ளை ஆசைப்பட்டான் என்றுதான் அவர் அன்று வாங்கினார், அதைச் சொல்லிக் காட்ட வேண்டாம்.

எறிவதா, வைத்துக்கொள்வதா

மாமியார் பயப்படுவதில் நியாயம் இருக்கிறது. குழந்தைகளுக்கு அடைத்துக்கொள்ளும் அளவா என்று சோதிக்க ஓர் உருளை வைத்திருக்கிறார்கள். வாய் அகலம் 3.2 சென்டிமீட்டர். அதற்குள் முழுசாக இறங்கும் எதுவும் மூன்று வயதுக்குள் இருப்பவர்களுக்குக் கூடாது. எட்டுக் குமிழ் வைத்த பெரிய கட்டைகூட 3.2 சென்டிமீட்டர் நீளம்தான், செங்குத்தாக அதற்குள் இறங்கிவிடும். ஆக, “சின்னதை மட்டும் எடுத்துவிட்டால் போதும்” என்ற உங்கள் யோசனை போதாது. பாப்பா கைக்கு இதில் ஒன்றுமே எட்டக் கூடாது.

ஆனாலும் எறியச் சொல்ல மாட்டேன். பையனிடமிருந்து இதைப் பறித்தால், தங்கை வந்ததால்தான் போயிற்று என்று அவன் மனசில் நிற்கும். அவள் இருமுவதற்கும் தான்தான் காரணம் என்று ஏற்கெனவே மருகிக்கொண்டிருக்கிறானோ என்று எனக்கு ஐயம். இரண்டு நாளாகச் சாப்பிடாதது பொம்மைக்காக மட்டும் இருக்காது. அவனைத் தனியே உட்கார வைத்து, “பாப்பா இருமுறது உன் தப்பு இல்லை, நாங்க பெரியவங்கதான் பார்த்து வெச்சிருக்கணும்” என்று சொல்லுங்கள். பரணிலிருந்து எடுத்துக் கொடுப்பதற்கு முன் இதைச் செய்யுங்கள்.

அப்புறம் இடம். தக்காளிக் கிரேடு வேண்டாம், அதன் ஓட்டைகள் வழியாகத்தான் சின்னத் துண்டுகள் தரையெல்லாம் சிந்தியிருக்கும். இறுக்கமான மூடி போட்ட முறுக்கு டப்பா நல்லது. பாப்பா தூங்கும் நேரம், அல்லது கதவு சாத்திய அறை; இந்த இரண்டில்தான் விளையாட்டு. தரையில் அப்பாவின் பழைய வெள்ளை வேட்டியை விரித்து அதற்குள்ளேயே கட்டட்டும். முடிந்ததும் நாலு மூலையையும் சேர்த்துத் தூக்கி டப்பாவில் கொட்டினால் வேலை முடிந்தது. பிறகு விளக்கை அணைத்துவிட்டு டார்ச்சைத் தரையோடு தரையாகப் படுக்க வைத்து அடித்துப் பார்த்தால், தப்பிய துண்டு ஒவ்வொன்றும் நிழலோடு எழுந்து தெரியும். இந்த டார்ச் வேலையைப் பையனிடமே கொடுங்கள். ஏழு வயதுப் பிள்ளைகள் இதை வேலையாக நினைக்க மாட்டார்கள்.

பாப்பாவுக்கும் கட்டை வேண்டும் என்று அழுதால், அவள் வயதுக்கென்றே டூப்ளோ என்ற பெரிய கட்டைகள் இருக்கின்றன. எல்லாப் பக்கமும் லெகோவைவிட இரண்டு மடங்கு, ஒன்றரை வயதிலிருந்து கொடுக்கலாம். தாய்மாமன் அடுத்த முறை வரும்போது அதைக் கேளுங்கள். அவளுக்கு மூன்று வயது ஆகும் வரை, அதற்குப் பிறகும் எதையும் வாயில் போடும் பழக்கம் விடும் வரை, இரண்டு பேர் சாமானும் கலக்கக் கூடாது.

பரணைக் கிளறும்போதோ டார்ச் அடிக்கும்போதோ, காணாமல் போன அந்த வட்டத் துண்டு பீரோவுக்கு அடியில் கிடைக்கலாம். கிடைத்தாலும்கூட, மருத்துவமனைக்குப் போவதைத் தள்ளிப்போடாதீர்கள். ஒரே மாதிரித் துண்டு அந்தப் பெட்டியில் எத்தனை இருந்தது என்று யாரும் எண்ணி வைத்திருக்க மாட்டீர்கள். பாப்பாவைக் காட்டிவிட்டு வந்து, மருத்துவர் என்ன சொன்னார் என்று எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.